பீலில் இரண்டு மெக்சிக்கோக்காரர்

சிறிலின் மேலுதட்டில் ஒட்டுமீசையை முதலாளி றூடியே அழுத்தி ஒட்டினார்.

அன்று மே ஐந்து, 1986. சுவிஸின் பீல் நகரத்து உணவகத்தின் வாசலில் 'மெக்சிக்கோ விருந்து' என்று எழுதியிருந்தது. மெக்சிக்கோக்காரர்தான் இல்லை.

கோப்பை கழுவிக்கொண்டிருந்த மன்னார்ச் சிறிலும், வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த யாழ்ப்பாணத்துத் தவராஜாவும் நிறத்தால் தெரிவானார்கள்.

பண்டிகை பிறந்த கதையைச் சிறில் மெக்சிக்கோ மொழியில் சொல்லவேண்டும். தவராஜா அதை ஜெர்மனில் சொல்லவேண்டும். தமிழ் போதும், இங்கே யாருக்கு விளங்கப்போகிறது என்றார் றூடி.

அவருக்கே தெரிந்தது இவ்வளவுதான்: நூற்றிருபத்துநாலு வருடங்களுக்கு முன் இதே நாளில், புவெப்லா என்ற ஊரில், சின்ன மெக்சிக்கோப் படையொன்று பெரிய பிரெஞ்சுப் படையை அடித்து விரட்டியது. பீலில் பாதிப்பேர் பிரெஞ்சு பேசுகிறவர்கள் என்பதால் பிரெஞ்சுக்காரரைக் கனக்கத் திட்டவேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்.

நாற்பது பேர் முள்ளுக்கரண்டியை வைத்துவிட்டுப் பார்த்தார்கள். சிறில் தவராஜாவைத் திரும்பிப் பார்த்தான்.

"உனக்கு நடந்ததைச் சொல்லு. நான் மெக்சிக்கோ ஆக்கிவிடுறன்," என்றார் தவராஜா, சிரித்த முகம் மாறாமல்.

சிறில் சொன்னான்.

விடிகாலையில் ஆமி வந்தது. தேவாலய மணி அடித்தது. சனம் சிதறி ஓடியது. அவனும் தம்பியும் ஒரு பாழுங்கிணற்றுக்குள் இறங்கினார்கள். இரண்டு நாள். மேலே சப்பாத்துச் சத்தம். தண்ணீர் தேடி ஏறிய தம்பி திரும்பி வரவில்லை.

தவராஜா ஆமியைப் பிரெஞ்சுப் படையாக்கினார். மன்னாரைப் புவெப்லாவாக்கினார். சிறிலைச் சிறிலின் பூட்டனாக்கினார். தம்பியை மட்டும் தம்பியாகவே விட்டார். கடைசியில் தன் பங்குக்கு ஒரு வெற்றியையும் சேர்த்தார்.

கைதட்டல் ஓயவில்லை. பிரெஞ்சு பேசும் அம்மா ஒருவர் எழுந்து மன்னிப்புக் கேட்டார்.

முன்மேசையில் இருந்த நரைத்த மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து சிறிலின் கையைப் பற்றினார். அவர் சொல்லச் சொல்லத் தவராஜா தமிழாக்கினார். இப்படி ஒன்றை யாராலும் இட்டுக்கட்ட முடியாதாம். அடுத்த வருடம் மனைவியையும் கூட்டிக்கொண்டு வருவாராம். அப்போதும் சிறில் இங்கே இருப்பானா என்று கேட்கிறாராம்.

சிறில் அந்த முகத்தைப் பார்த்தான்.

பெப்ரவரியில், அகதி விசாரணையில், இதே கிணற்றையும் இதே தம்பியையும் அவன் இந்த மனிதருக்குத்தான் சொன்னான். அவர் தட்டச்சு இயந்திரத்தை விட்டு நிமிரவே இல்லை. நம்பத்தக்கதல்ல என்று எழுதி, மே முடிவதற்குள் நாட்டை விட்டு வெளியேறச் சொல்லிக் கையெழுத்திட்டவரும் அவர்தான்.

அவர் இன்னும் கையை விடாமல் பதிலுக்குக் காத்திருந்தார்.

"மெக்சிக்கோக்காரன் இருப்பான் எண்டு சொல்லுங்கோ, அண்ணை."