இருபத்து மூன்றாவது கம்பி

"அடுத்து நகுமோ. வண்டிக்கு ஸ்டாண்டு போடு."

தலைவர் குராமோச்சி அப்படிச் சொன்னதும், மலையடிவாரத்து வண்டி நிறுத்தத்தில் டின் காப்பி குடித்துக்கொண்டிருந்த எட்டுப் பேரும் கிட்டே வந்து நின்றார்கள். இதற்காகத்தான் காத்திருந்தார்கள் என்றும் சொல்லலாம்.

காட்டுப் பாதைக்குக் கிளம்புமுன் தலைவர் ஒவ்வொரு வண்டியையும் சோதிப்பார். அவர் தலையாட்டாமல் அந்த மோட்டார்சைக்கிள் கிளப்பில் எவரும் மலையேற முடியாது. நகுமோவை இந்த வருடத்தில் இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்.

இன்று விட்டால் போச்சு. புதன்கிழமை வனத்துறை கேட்டை மூடிவிடும். பனி கரைந்து மே மாதம்தான் திறப்பு.

"பெரிய வண்டி வாங்கினா ரெண்டு வருஷத்துக்கொருக்க அரசாங்கப் பரிசோதனைன்னுதான், அது தேவையில்லாத இருநூத்தைம்பது சி.சி. வாங்கினேன்," என்றான் நகுமோ. "அரசாங்கமே என்னை விட்டுடுச்சு. இவர் விடமாட்டேங்கறாரு!"

எல்லோரும் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து செயினைக் கட்டைவிரலால் அழுத்தினார்.

"தொய்வு மூணு சென்டிமீட்டர், தலைவரே. ஸ்கேல் வச்சு அளந்தேன்."

டயரில் காற்றைப் பார்த்தார்.

"நேத்தே பார்த்துட்டேன்."

பிரேக் பட்டை, கிளட்ச் வயர், ஆயில், ஏர் ஃபில்டர். ஒவ்வொன்றுக்கும் நகுமோ பதில் வைத்திருந்தான். ஏர் ஃபில்டரைக் கழுவிக் காயவைத்து எண்ணெய் போட்டிருந்தான். சைலன்சரில் முகம் பார்த்துச் சவரம் செய்துகொள்ளலாம்.

தலைவரின் நெற்றியில் அந்தக் குளிரிலும் வியர்த்தது.

"என்ன தலைவரே, ஒண்ணும் மாட்டலையா?" என்றார் கூட்டத்திலிருந்து ஹமசாகி.

தலைவர் ஸ்பானரை எடுத்துப் பின்சக்கரத்துக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்ட ஆரம்பித்தார். டிங். டிங். டிங். ஒரு கம்பியில் நின்றார். மறுபடி தட்டினார்.

"இருபத்து மூணாவது கம்பி. சத்தம் சரியில்லை."

"எல்லாம் ஒரே சத்தம்தானே!"

"உனக்கு."

"சரி, இப்பவே முறுக்கிடறேன்."

"சக்கரத்தைக் கழட்டித்தான் பார்க்கணும். இங்க ஆகாது. வீட்டுக்குப் போப்பா."

நகுமோ ஹெல்மெட்டைத் தலையில் அடித்து மாட்டினான். "உங்களுக்கு என்மேல என்ன கோபமோ தெரியலை. அடுத்த வருஷம் வேற கிளப் பார்த்துக்கறேன்!"

போய்விட்டான். மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த வண்டி மலையேறத் தகுதியில்லை என்றால், அங்கே நின்ற ஒரு வண்டிக்கும் தகுதி கிடையாது.

"நீங்கல்லாம் முன்னாடி போங்க. இசோபே வண்டி செயினை இறுக்கிட்டு வர்றேன்," என்றார் தலைவர்.

இசோபே இந்த வருடம் சேர்ந்த பெண். எல்லோரும் போகும்வரை பொறுத்திருந்துவிட்டு ஆரம்பித்தாள்.

"தலைவரே, இது அநியாயம். என் செயின் ஊஞ்சல் மாதிரி தொங்குது. என்னைப் போகச் சொல்றீங்க. அவரு ஒரு வாரமா பாடுபட்டுத் துடைச்சுக் கொண்டுவந்தாரு. அவரைத் துரத்திட்டீங்க."

"அந்தப் பதினாலாம் நம்பர் ஸ்பானரை எடும்மா."

எடுத்துக் கொடுத்தாள். அச்சு நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்கமும் அளவு பார்த்து, செயினுக்குச் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டு, அவர் முடிப்பதற்குள் இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று.

தலைவரின் சட்டைப்பையில் போன் அடித்தது.

"கையெல்லாம் கிரீஸ். ஸ்பீக்கரை அமுத்து," என்றார்.

அமுக்கினாள். ஒரு பெண் குரல் தணிந்து வந்தது.

"தலைவரே, நகுமோ வீட்லேர்ந்து பேசறேன். வந்துட்டாரு. கோட்டு மாட்டிக்கிட்டே உங்களைத் திட்டிட்டிருக்காரு. கோயிலுக்குப் பத்து மணிக்குக் கிளம்பறோம். பொண்ணுக்குக் கிமோனோ கட்டியாச்சு. ஏழு வயசுக்குக் கோயில்ல ஆசி வாங்கற சடங்கு ஒரு தடவைதானே வருது. எவ்வளவோ சொன்னேன், கேட் மூடிடும் கேட் மூடிடும்னாரு. ரொம்ப நன்றிங்க."

"பரவாயில்லம்மா."

"ஆமா, என்ன குறை கண்டுபிடிச்சீங்க? ஒரு வாரமா என்னைக்கூட அப்படிப் பார்க்கலை, அந்த வண்டியைப் பார்த்தாரு!"

"கஷ்டமாத்தான் இருந்துச்சு. அடுத்த தடவை முன்னாடியே சொல்லுங்க, யோசிச்சு வைக்கிறேன்."

போன் நின்றது. இசோபே அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்போ மே மாசம் அவருக்கு டயர்ல காத்து அதிகம்னு சொன்னது?"

"பொண்ணு பள்ளிக்கூடத்துல விளையாட்டு விழா."

"ஹமசாகி அண்ணனுக்குப் பிரேக் தேஞ்சிருக்குன்னது?"

"கல்யாண நாள். ஆனா பிரேக்கும் கொஞ்சம் தேஞ்சுதான் இருந்துச்சு."

"எல்லார் வீட்லேர்ந்தும் உங்களுக்குப் போன் வருமா?"

"உனக்கு மட்டும்தான் இன்னும் வரலை. அதான் தொங்கற செயினோட சுத்தறே."

அவள் சிரித்துவிட்டாள். பிறகு கேட்டாள்: "அவரு உங்களைத் திட்டறாரு, கிளப்பையே விட்டுடுவேங்கறாரு. சொல்லித் தொலைச்சிடலாமில்ல?"

"சொன்னா, கோயில் வேண்டாம் மலைதான்னு அவன் வாயால சொன்னதை அவன் ஒத்துக்கணும். என்னைத் திட்டறது அவனுக்குச் சுலபம்."

"உங்க பொண்ணுக்கு ஏழு வயசானப்போ, நீங்க கோயிலுக்குப் போனீங்களா?"

குராமோச்சி துணியால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

"படம் இருக்கு. படத்துல நான் இல்லை, இந்த மலை மேல இருந்தேன். அன்னிக்கு என் வண்டியில ஒரு குறையும் இல்லம்மா."