ஆறின கோப்பியும் அனலான பாஸ்டரும்

முள்ளியவளையில் புது வீட்டை ஆசீர்வதிக்க வந்த பாஸ்டர் எபனேசர், ஜெயரூபி தந்த கோப்பியை ஒரு மிடறு குடித்துவிட்டு முகம் சுளித்தார்.

"சகோதரி, கோப்பிக்கொட்டை நெருப்பில வறுபட்டு, உரலில இடிபட்டாத்தான் வாசம் வரும். விசுவாசியும் அப்பிடித்தான்."

"ஓம் பாஸ்டர்."

"ஆனா ஆறின கோப்பியை ஆர் குடிப்பினம்? ஆறின விசுவாசியையும் ஆண்டவர் துப்பிப்போடுவார். இந்தக் கோப்பியைக் குடிக்கவே உங்கட விசுவாசம் எனக்கு விளங்குது."

கணவன் அனோஜன் அவளை முறைத்தான். "ஒரு கோப்பியைச் சுடச்சுடக் குடுக்கத் தெரியாதே?"

"ஆவி பறக்கத்தான் கொண்டுவந்து வைச்சனான்," என்றாள் ஜெயரூபி பணிவாக. "குடிக்க முதல் சின்னதா ஒரு ஜெபம் எண்டு பாஸ்டர் கண்ணை மூடினவர். அவர் ஆமென் சொல்லேக்க, நான் குசினியில சோறு காய்ச்சி, மீனும் பொரிச்சு முடிச்சிட்டன்."