விசா வேண்டுதல்

ஆட்டுப் பண்ணையில் புழுக்கை அள்ளி, ஓட்டலில் பாத்திரம் தேய்த்தே, ஒரே முதுகுப்பையோடு எண்பது நாடுகளைச் சுற்றிவருவேன் என்று ரிட்டயரான மறுநாளே அரியலூர் முழுக்க அறிவித்துவிட்டேன்.

மனைவி வளர்மதி சிரித்தாள். "பெரம்பலூர் போகவே துணைக்கு ஆள் தேடுவீங்க!"

வீம்புக்கு இருவருக்குமே முதல் நாட்டு விசாவுக்கு விண்ணப்பித்தேன். பிறகுதான் பயம் பிடித்தது. விமானத்தை நினைத்து நான் நடுங்கியதில் கூரை ஓடுகள் சரிந்தன. கல்லங்குறிச்சி கோயிலுக்கு ஓடினேன்.

"பெருமாளே, விசா கெடைக்கக் கூடாது. ஒரு மூட்டை மக்காச்சோளம் தரேன்!"

இருவருக்கும் விசா வந்துவிட்டது.

"சாமி கைவிட்டுட்டாரே!" என்று அலறி, வளர்மதியிடம் வேண்டுதலை உளறிவிட்டேன்.

"ஒரு மூட்டைதானா? கெடைக்கணும்னு நான் மூணு மூட்டை வேண்டிக்கிட்டேங்க. அப்பவும் கெடைக்கும்னு நம்பல. நெசமாவே நடந்துடுச்சு, கெளம்புங்க!"