பின் சீட்டில் மூன்று மடிப்பு

ஒரு மனிதனின் அந்தஸ்து அவன் முகத்தில் இல்லை, அவன் அமரும் ஆசனத்தில்தான் இருக்கிறது என்பது ஓய்வுபெற்ற தாலுகா அமல்தார் செலுவநாராயண ஐயங்காரின் சித்தாந்தம். அதனாலேயே தன் காரின் பின் சீட்டில் அவர் யாரையும் அமர விட்டதில்லை. அவரே முன்னால், டிரைவர் அய்யாசாமியை இடித்துக்கொண்டுதான் உட்கார்வார்.

அப்பேர்ப்பட்டவர் அன்று சாயங்காலம் கார் ஷெட்டில் முழங்காலிட்டு, திறந்த கதவுக்குள் தலையை நீட்டியபடி அசையாமல் இருந்தார். தூரத்திலிருந்து பார்த்தால் பெருமாளைச் சேவிக்கிறார் என்றே தோன்றும்.

"அய்யாசாமி, இங்கே வா. இது என்ன?"

அப்போதுதான் உள்ளே நுழைந்த அய்யாசாமி குனிந்து பார்த்தான். சிவப்புத் தோலில், கதவோரமாக, மூன்று மடிப்புகள். நடுவில் லேசாக ஒரு குழி.

"மடிப்புங்க, சாமி."

"அது எனக்கே தெரியறது. யார் விழ வெச்சான்னு கேக்கறேன்."

நாடு சுதந்திரமடைந்த கையோடு சீமைக்குக் கப்பலேறிய ஒரு காபித் தோட்டத்துத் துரை விற்றுவிட்டுப் போன கார் அது. அன்றிலிருந்து அய்யாசாமி அதை ஓட்டியது கொஞ்சம், துடைத்தது அதிகம். சோப்பு நுரையைத் தொட்டுத் துடைக்க வேண்டும், நிழலில் உலர்த்த வேண்டும், வாஸ்லைனை விரல் நுனியில் எடுத்து, குழந்தைக்கு எண்ணெய் தடவுவது போலத் தடவ வேண்டும்.

ஏறுகிறவர்களுக்கும் விதிகள் இருந்தன. இடுப்பைத் தூக்கி வைக்க வேண்டும், தேய்த்துக்கொண்டு நகரக் கூடாது, சாவிக்கொத்து ஆகாது, ஒரே இடத்தில் நெடுநேரம் உட்காரவே கூடாது. ஏறுவதற்குத்தான் யாரும் இல்லை. துடைத்துத் துடைத்து அய்யாசாமியின் உள்ளங்கையில் மடிப்பு விழுந்ததுதான் மிச்சம்.

"நானில்லீங்க சாமி. மத்தியானம் சோத்துக்குப் போனா வெயில் தாழத்தானுங்க வாறேன். ஷெட்டுச் சாவி உங்க சமையக்கட்டு ஆணியிலதானுங்க தொங்குது."

"சாவி தானா இறங்கி வந்து கதவைத் திறந்துதாக்கும்! ஆத்துல இருக்கறது ரெண்டே பேர். நான் சாப்ட்ட கையோட கூடத்துல படுத்துடறேன்."

அதை அவர் சொல்லியிருக்கவே வேண்டாம். அவர் படுத்துவிட்டார் என்பது அக்ரஹாரத்தின் கடைசி வீடுவரை தினமும் தெரிந்துவிடும்.

"பத்மாஸினிக்கோ தோலே ஆகாது" என்று மனைவியைப் பற்றித் தொடர்ந்தார். குரலில் கோபம் போய்ப் பெருமை வந்தது. "வைரமுடி சேவைக்கு மேலுகோட்டைக்கு நான் கார்ல போனேன். அவ பஸ்ல வந்தா. அதுவும் பலகை சீட்டுதானான்னு கண்டக்டரை விசாரிச்சுண்டு ஏறினா. தோல் பட்டுடுத்துன்னா, ஸ்நானம் பண்ணாம அடுப்புக்கிட்டயே போகமாட்டா. அப்போ இதுல படுத்துத் தூங்கினது நீதான்."

"சாமி, ஆறடி ஆளு நானு. அதுல படுத்தா முழங்காலை எங்கீங்க வெக்கறது?"

"மடக்கிண்டு படுத்திருப்பே."

அய்யாசாமி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான். மத்தியானம் முழுதும் கோயில் மதில் நிழலோடு நிழலாக நகர்ந்து படுத்ததில் முதுகு வலித்தது.

பின்கட்டில் செம்பு மோதி, தண்ணீர் சலசலத்தது.

"கேட்டியா?" என்றார் அமல்தார். "விளக்கேத்தறதுக்கு முன்னாடி தினம் இன்னொரு தரம் தலைக்கு ஸ்நானம். இந்த மைசூர்லே வேற எந்த ஆத்துல இருக்கு இப்படி ஒரு ஆசாரம்? அந்த ஆத்துல வேலை பார்த்துண்டு இப்படிப் பண்ணலாமா நீ?"

"சத்தியமா நானில்லீங்க..."

"ஸாகு, ஸாகு. போறும், மேலே பேசாதே. ராத்திரிக்குள்ள ஹனூருக்கு பஸ் இருக்குமோன்னோ? கிளம்பு."

அய்யாசாமி வாஸ்லைன் டப்பாவையும் துடைக்கிற துணியையும் ஷெட்டு வாசலில் வைத்தான். ஹனூரில் பெண்டாட்டி மாதேவி கேட்பாள், எதுக்கு நிறுத்தினாங்க என்று. சீட்டு மடிஞ்சிருச்சு என்றால் நம்பமாட்டாள். குடித்துவிட்டு ஓட்டியிருப்பான் என்றுதான் நினைப்பாள். அதுவே சௌகரியம், அப்படியே சொல்லிவிடலாம் என்று இருந்தது அவனுக்கு. விளக்கிச் சொல்கிற வேலையாவது மிச்சம்.

ஈரத் தலையை முடிந்துகொண்டு பத்மாஸினி கொல்லைப் பக்கமிருந்து வந்தாள். வாசலில் கிடந்த டப்பாவைப் பார்த்தாள். கையைக் கட்டிக்கொண்டு நின்ற அய்யாசாமியைப் பார்த்தாள்.

"என்னவாம்?"

"சீட்டு மேல படுத்துத் தூங்கியிருக்கான். ஊருக்குப் போகச் சொல்லிட்டேன்."

அவள் பெருமூச்சு விட்டாள். "அய்யாசாமி, நீ எங்கேயும் போக வேண்டாம். அந்த டப்பாவை எடுத்து உள்ளே வை."

"நீ உள்ளே போ, பத்மா. இது தோல் சமாசாரம். உனக்குப் புரியாது."

"புரியாமலா தினம் சாயங்காலம் தலையை நனைச்சுண்டு நிக்கறேன்?"

அமல்தார் அவள் கூந்தலில் சொட்டும் தண்ணீரைப் பார்த்தார். மூன்று மடிப்புகளைப் பார்த்தார். மறுபடியும் கூந்தலைப் பார்த்தார்.

"நீயா? தோல் மேலயா? ஆத்துல அத்தனை இடம் இருக்கச்சே, எதுக்கு?"

"அங்கேதான் உங்க குறட்டை கேக்கறதில்லே."