ஏரி கொண்டுபோன டாம்ஸின்

லண்டனிலிருந்து குதிரை வண்டியில் குலுங்கிக் குலுங்கி வந்திறங்கிய எல்வுட், ஏரிக்கரை விடுதியில் பரிமாறிய ஆட்டுக்கறியைத் தொடவே இல்லை. அவர் மடியில் ஒரு கொத்துக் காட்டுப் பூக்கள் இருந்தன.

“டாம்ஸினோட கல்லறை எங்கம்மா இருக்கு?” என்று விடுதிக்காரி திருமதி பிளெமிங்கிடம் கேட்டார்.

“எந்த டாம்ஸின், ஐயா?”

“கவிஞர் ஹாரப் பாடின குழந்தை. மேகத்தோடயும் ஓடையோடயும் பேசிட்டுத் திரிஞ்சவ. எட்டு வயசுல ஏரி அவளைத் தன் மடியில வாங்கிக்கிச்சே. அந்தப் பாட்டைப் படிச்சு லண்டனே அழுதுச்சு.”

“அவளா? அவ ஓடையோட எங்க பேசினா? ஊர்ல எல்லார்கிட்டயும் சண்டைதான் போட்டா. சரியான வாயாடி.”

“செத்த குழந்தையை அப்படிச் சொல்லாதீங்க. அவ இயற்கையோட மகள்.”

“கசாப்புக் கடைக்காரர் மகள், ஐயா. கறி ஆறுது, சாப்பிடுங்க.”

 இவளுக்கெல்லாம் கற்பனை ஏது, கவிதை ஏது என்று நினைத்தபடி எல்வுட் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்போது ஒரு கிழவர் தடியூன்றி உள்ளே வந்தார். புத்தகத்தின் முகப்பில் பார்த்த முகம். கவிஞர் ஹாரப்பேதான். எல்வுட் பதறி எழுந்தார். கிழவரோ அவரைக் கவனிக்காமல் விடுதிக்காரியிடம், “டாம்ஸின், சூடா ஒரு டீ கொடும்மா” என்றார்.

எல்வுட் அந்தப் பருத்த பெண்மணியை ஏற இறங்கப் பார்த்தார். அவள் உயிரோடு இருப்பது அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகவே இருந்தது.

“அப்போ அந்த ஏரி?”

“ஒருநாள் இவர் கரையில கண்ணை மூடிக் கனவு கண்டுட்டு இருந்தார். நான் இவரோட பூட்ஸைத் தூக்கி ஏரியில வீசிட்டேன்” என்றாள் டாம்ஸின். “அடுத்த வாரமே பாட்டுல என்னைத் தூக்கி வீசிட்டார்.”