எண்ணிக்கை தேறும்வரை

முட்டையிடக் காவிரியில் எதிரேறி வரும் கெண்டைகள் குறைந்துபோனதால், பொழுதுபோக்குக்கு மீன் பிடிப்பதை ஆற்று வாரியம் தடை செய்தது. ஊரில் முதல் ஆளாகத் தூண்டிலைச் சுருட்டிப் பரணில் போட்டவர் செங்கோடன். ஞாயிறுதோறும் அவரோடு ஆற்றுக்கு வந்த மகள் மதிவதனி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"எண்ணிக்கை தேறட்டும், அம்மிணி. தானாத் திறந்து விட்டுருவாங்க" என்று சமாதானம் சொன்னார்.

வருடங்கள் கழிந்து, ஊரில் குழந்தைகளும் குறைந்தன. அதையும் அதே வாரியம் கவனித்துக்கொண்டது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த மதிவதனியின் காலில், கணக்கெடுக்கக் கெண்டையின் துடுப்பில் மாட்டுவது போலவே ஒரு பட்டை மாட்டினார்கள். வீடு தேடி மருத்துவச்சி வந்தாள், சத்துமாவு வந்தது. செங்கோடனுக்கு வாயெல்லாம் பல். பிறந்த அன்றே பேத்தியின் காலிலும் சின்னதாக ஒரு பட்டை ஏறியது. செய்து வைத்திருந்த கொலுசை அவர் மறு காலில் மாட்டினார்.

ஐந்தாம் மாதம் இருவரையும் புகுந்த வீட்டில் விடக் கிளம்பினார். பாலத்தில் வாரியம் போட்டிருந்த தடுப்பு எழவில்லை. அக்கரையில் மாப்பிள்ளை வண்டியோடு காத்து நின்றார்.

"உள்ள வர்றதுக்குத் தடையில்லீங்க" என்றாள் காவல்காரப் பெண், பணிவாக. "பெத்துக்க வந்தவங்க வெளிய போறதத்தான் மூடியிருக்கறோம். நீங்க மட்டும் போலாங்க."

"எத்தன நாளைக்குங்க?"

"எண்ணிக்கை தேறட்டும். தானாத் திறந்துரும்."

மதிவதனி குழந்தையை இறுக்கிக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள். அவள் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது பரணில் போட்ட தூண்டில், இன்னும் அங்கேதான் கிடந்தது.