பல் பார்க்கும் படலம்

லண்டனில் பல் வைத்தியத்துக்கு ஆகும் செலவில் ஊருக்கே போய் வரலாம் என்று கவியரசன் கறம்பக்குடிக்கு வந்திருந்தான். கல்யாணப் பேச்சை எடுக்கக் கூடாது என்று அம்மாவிடம் முன்பே சொல்லிவிட்டான்.

அம்மாவும் எடுக்கவில்லை. புதுக்கோட்டையில் பல் டாக்டரிடம் நேரம் மட்டும் வாங்கிக் கொடுத்தாள்.

டாக்டர் பிரகதீஸ்வரி சொத்தைப் பல்லைச் சுத்தம் செய்துவிட்டுச் சொன்னாள்.

"அடுத்த சிட்டிங் வியாழக்கிழமைங்க. அதுக்குள்ள திருமயம் கோட்டையப் பார்த்துட்டு வாங்க."

பார்த்துவிட்டு வந்தான்.

"எப்படி இருந்துச்சுங்க?"

"பரவாயில்ல. லண்டன்ல இருந்திருந்தா இன்னும் நல்லா வச்சிருப்பாங்க."

சித்தன்னவாசல் ஓவியத்துக்கும் அதையேதான் சொன்னான். அவள் பல்லுக்கு கேப் மாட்டி அனுப்பினாள்.

லண்டன் கிளம்புவதற்கு முந்தின நாள் அம்மாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"அந்த டாக்டர் வீட்டுல பேசிப் பாரேம்மா."

"போட்டோவக்கூடப் பார்க்க மாட்டேன்னு சொன்னியே, அந்தப் பொண்ணுதாண்டா இது. அவளாவது ஒன்னப் பார்க்கட்டும்னுதான் அங்க அனுப்புனேன்."

கவியரசனுக்கு முகமெல்லாம் மலர்ந்தது.

"என்ன சொன்னாங்க?"

"வாயில பஞ்சு இருந்த வரைக்கும் நல்ல பையனாத்தான் தெரிஞ்சியாம்."